கல்லும் சேறும் தாங்கும் ரிமோட் மொன்ஸ்டர் ட்ரக்: கொழும்பில் இருப்பவர் எதை வாங்கலாம்?

ஏழாம்_ஒழுங்கை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மகனுக்குப் பன்னிரண்டு வயது. ரிமோட் கார் என்றால் உயிர். புறக்கோட்டையில் வாங்கிக் கொடுத்த வண்டிகள் எதுவும் நாள் செல்ல நிற்கவில்லை. உள்ளே இருக்கிற பிளாஸ்ரிக் பல்லுச் சக்கரம் தேய்ந்தால் அதோடு சரி, மாற்றிப் போட ஒன்றும் கிடைக்காது. இந்த முறை காசு கொஞ்சம் கூடப் போனாலும் பரவாயில்லை, உடைந்தால் திருத்தி ஓட்டக்கூடிய ஒன்று வேண்டும்.

ஓட்டப்போகும் இடம் வெள்ளவத்தையில் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வெறுங்காணி. உடைந்த செங்கல், சல்லி, புல். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹங்வெல்லப் பக்கம் உறவினர் காணிக்குப் போவோம். அங்கே செம்மண் சரிவு, ரப்பர் மர வேர், மழை பெய்தால் சேறு. பொடியன் ஆறுதலாக ஓட்டுகிற ஆள் இல்லை, மேடு கண்டால் பாய விடுவான்.

மைத்துனர் டிசம்பரில் லண்டனில் இருந்து வருகிறார், கொண்டுவரச் சொல்லலாம். ட்ராக்ஸஸ் ஸ்டாம்பீட், ஆர்மா கிரானைட், எம்ஜேஎக்ஸ் ஹைப்பர் கோ மூன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன். மைத்துனரோ வாங்கினால் ட்ராக்ஸஸின் பெரிய வண்டி எக்ஸ்-மேக்ஸ்தான் என்று நிற்கிறார். எது அடி தாங்கும்?

மூன்றுசெல் எழுதியது:

கிரானைட் 4x4, 3எஸ் பிரஷ்லெஸ். அதாவது நான்கு சக்கர இழுவை, மூன்று செல் பற்றரி, கரித்துண்டு (பிரஷ்) இல்லாத மோட்டர். கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள் அண்ணா.

நட்டுபோல்ட் எழுதியது:

வணக்கம் அண்ணா. மூன்றுசெல் சொன்ன வண்டி நல்லதுதான், ஆனால் கண்ணைத் திறந்துகொண்டே வாங்குவோம்.

உடையாத வண்டி என்று ஒன்று இல்லை. எங்கே உடையும், உடைந்த துண்டு என்ன விலை, அது கைக்கு வந்து சேர எவ்வளவு நாள் ஆகும், இதையெல்லாம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருப்பவனுக்கு மூன்றாவது கேள்வி பெரிதில்லை, பக்கத்துக் கடையில் எடுத்துவிடுவான். கொழும்பில் இருக்கிற எங்களுக்கு அதுதான் முதல் கேள்வி. ஒரு சின்ன பின் வராததால் நல்ல வண்டிகள் மாதக்கணக்கில் அலுமாரிக்கு மேலே கிடப்பதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று வேகம். பெட்டியில் போட்டிருக்கும் உச்ச வேகத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். மணிக்கு 25 கிலோமீட்டரில் செங்கலில் மோதுவதற்கும் 50 கிலோமீட்டரில் மோதுவதற்கும் வித்தியாசம் இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. மோதலின் சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். அதனால் ஒரே வண்டியில் 2எஸ் பற்றரி போட்டு ஓட்டுகிறவனுக்கு அது வருடக்கணக்கில் நிற்கும், 3எஸ் போட்டு அதே காணியில் பறக்கவிடுகிறவன் ஒவ்வொரு வாரமும் ஸ்குரூ கழற்றுவான்.

மூன்றுசெல் எழுதியது:

சரி அண்ணா, ஏன் கிரானைட் என்று விளக்கமாக எழுதுகிறேன்.

உதிரிப்பாகம்தான் பிரச்சினை என்றால் கிரானைட்டுக்கு அதில் பெரிய வசதி இருக்கிறது. ஆர்மாவின் 3எஸ் வரிசையில் கிரானைட், பிக் ரொக், சென்டன், டைஃபோன் எல்லாவற்றுக்கும் உள்ளே பெரும்பாலும் ஒரே சாமான்தான். டிஃப் (இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் வலுவைப் பிரிக்கும் கியர்), கியர் பெட்டி, நடுத் தண்டு, சேர்வோ (முன் சக்கரத்தைத் திருப்பும் சின்ன மோட்டர்) என்று ஒன்றிலிருந்து கழற்றி மற்றதில் போடலாம். நண்பர் ஒருவர் சென்டன் வைத்திருந்தால் அவரிடம் கிடக்கும் பழைய பாகமும் உங்களுக்கு உதவும். டிஃப் கியர் உலோகம். ஸ்லிப்பர் கிளட்ச் இருக்கிறது, அதாவது சக்கரம் சடாரென்று பிடிபட்டால் கிளட்ச் வழுக்கிக் கொடுத்து கியர் பல்லைக் காப்பாற்றும்.

3200 கேவி மோட்டர், அதாவது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 3200 சுற்று. 3எஸ் பற்றரியின் 11.1 வோல்ட்டால் பெருக்கினால் நிமிடத்துக்கு 35,000 சுற்றுக்கு மேல் வரும். அந்த வலு இந்த உடம்புக்குக் கொஞ்சம் கூடத்தான், நட்டுபோல்ட் அண்ணா சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். பொடியனுக்கு 2எஸ் போதும்.

தெஹிவளை_அம்மா எழுதியது:

நான் இரண்டு பிள்ளைகளுக்கும் 16இல் ஒன்று அளவில் (நிஜ வண்டியின் 16இல் ஒரு பங்கு) சின்ன பிரஷ்லெஸ் வண்டிகள் வாங்கிக் கொடுத்தேன். விலை குறைவு, பாரமும் குறைவு. பாரம் குறைந்ததால் விழுந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. முற்றத்திலும் ஒழுங்கையிலும் அருமையாக ஓடுகிறது. ஆனால் நீங்கள் சொல்லும் புல்லும் செங்கலும் அதற்குச் சரிவராது. ரயர் சின்னது, புல்லில் வயிறு தட்டி நின்றுவிடும். புல் தண்டில் சுற்றினால் கத்தரிக்கோலோடு உட்கார வேண்டியதுதான். எம்ஜேஎக்ஸ் நினைக்கிறீர்கள் என்றால் அந்தக் காணிப் புல்லு எவ்வளவு உயரம் என்று முதலில் பாருங்கள்.

ஏழாம்_ஒழுங்கை எழுதியது:

கணுக்கால் அளவு இருக்கும் அக்கா. மழைக்குப் பிறகு இன்னும் கூட. அப்படியென்றால் சின்னதை விட்டுவிடுகிறேன்.

ஸ்டாம்பீட் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே? அதுதானே விலை குறைவு.

நட்டுபோல்ட் எழுதியது:

ஸ்டாம்பீட்டில் இரண்டு சக்கர இழுவை, நான்கு சக்கர இழுவை என்று இரண்டு வகை உண்டு. இரண்டு சக்கர எக்ஸ்எல்-5 வகைதான் நீங்கள் பார்த்த விலை குறைந்தது. டைட்டன் 12 சுற்றுப் பிரஷ் மோட்டர், பின்னச்சுக்கும் பின்னால் உட்கார்ந்திருக்கும். அந்தப் பாரத்தால் ஆக்ஸிலேட்டரை அமத்தினால் முன்பக்கம் எழும்பும், பிள்ளைகளுக்கு அது பெரிய சந்தோஷம். உள்ளே சாமான் குறைவு: முன் டிஃப் இல்லை, நடுத் தண்டு இல்லை, முன் தண்டுகள் இல்லை. இல்லாத சாமான் உடையாது, அதுதான் அதன் பலம். ட்ராக்ஸஸின் ரஸ்ட்லர், ஸ்லாஷ் வண்டிகளோடு பல பாகம் பொதுவானது, உலகம் முழுக்கக் கிடைக்கும். திருத்தப் பழகுகிற பிள்ளைக்கு நல்ல வண்டி.

ஆனால் ஹங்வெல்லச் சரிவில் மழைக்குப் பிறகு அது ஏறாது. பின் சக்கரம் மட்டும் சுழன்று குழி தோண்டும். அந்தச் செம்மண் நனைந்தால் சவர்க்காரம் மாதிரி. அங்கே நான்கு சக்கரமும் இழுக்க வேண்டும். ஆகவே உங்களுக்கு ஸ்டாம்பீட் 4x4, இல்லையென்றால் கிரானைட் 4x4. இந்த இரண்டுக்குள் எது என்பதை, லண்டனில் எதற்குப் பாகம் சுலபமாகக் கிடைக்கும் என்று மைத்துனரைக் கேட்டே முடிவெடுக்கலாம். அவர் வழியாகத்தானே வரப்போகிறது.

பழைய_டமியா எழுதியது:

எல்லோரும் பெட்டியிலிருந்து எடுத்து ஓட்டும் வண்டியையே சொல்கிறீர்கள். டமியா லஞ்ச் பொக்ஸ், கிளொட் பஸ்டர் இரண்டும் 1987இல் வந்தவை, மறுபதிப்பாக இன்னும் கிடைக்கின்றன. பாகம் பாகமாக வரும், நாமே பூட்ட வேண்டும். கிளொட் பஸ்டரில் இரண்டு மோட்டர், நான்கு சக்கரமும் திரும்பும். தகப்பனும் மகனும் மேசையில் இருந்து ஒன்றாகப் பூட்டினால் உடையும்போது எதைக் கழற்ற வேண்டும் என்று பிள்ளைக்கு முன்பே தெரிந்திருக்கும். அந்த அறிவு எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை.

நட்டுபோல்ட் எழுதியது:

ஐயா சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. பூட்டத் தெரிந்த பிள்ளை கவனமாகவும் ஓட்டும். ஆனால் அந்த வடிவமைப்புகள் ஆளுயரம் பாய்ந்து செங்கலில் விழுவதற்குச் செய்யப்பட்டவை இல்லை. இவருடைய பொடியனுக்கு அது இரண்டாவது வண்டியாக வரட்டும்.

கடலோரன் எழுதியது:

தண்ணீர் பற்றி ஒருவராவது சொல்ல வேண்டும். பெட்டியில் வாட்டர்ப்ரூஃப் என்று போட்டிருந்தால் அது ஈஎஸ்சி (மோட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி), சேர்வோ, ரிசீவர் பெட்டி இவைகளுக்கு மட்டும். பெயாரிங்குக்கு இல்லை. சேற்றில் ஓட்டிவிட்டு அப்படியே மூலையில் வைத்தால், அடுத்த ஞாயிறு சக்கரத்தைக் கையால் சுற்றும்போது கரகரவென்று சத்தம் கேட்கும். ஈரப்பதன் இப்படி இருக்கிற ஊரில் துரு பிடிக்க ஒரு கிழமை போதும்.

ஓட்டி முடித்த அன்றைக்கே செய்ய வேண்டியது: பற்றரியைக் கழற்றுங்கள். மென்மையான தூரிகையால் சேற்றைத் தட்டுங்கள், தேவையென்றால் நல்ல தண்ணீர் கொஞ்சமாக விட்டுக் கழுவுங்கள். சக்கரங்களைக் கழற்றி மின்விசிறிக்குக் கீழே காய விடுங்கள். பிறகு பெயாரிங் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். ரயருக்குள்ளும் தண்ணீர் போயிருக்கும், உள்ளே இருக்கும் பஞ்சு ஊறிப்போய் சக்கரம் பாரமாகிவிடும். ரிம்மில் ஓட்டை இருந்தால் அதைக் கீழே பார்க்க வைத்து வடிய விடுங்கள்.

கடற்கரைக்கு மட்டும் கொண்டுபோக வேண்டாம். வெள்ளவத்தைக் கடற்கரையில் ரயில் பாதை இருக்கிறது, பிள்ளை வண்டிக்குப் பின்னால் ஓடும். அது முதல் காரணம். இரண்டாவது, உப்புத் தண்ணீர் ஒரு தடவை உள்ளே போனால் ஸ்குரூ தலை எல்லாம் செம்பழுப்பாகிவிடும். மூன்றாவது, கடல் மணலில் இருக்கும் கருந்துகள் காந்தத்தில் ஒட்டும், மோட்டருக்குள் காந்தம்தானே இருக்கிறது.

ஏழாம்_ஒழுங்கை எழுதியது:

ரயில் பாதை விஷயம் நானும் வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன், அந்தப் பக்கமே போக விடமாட்டேன். நன்றி.

மைத்துனர் எக்ஸ்-மேக்ஸை விடுவதாக இல்லை. “பெரிய வண்டிதான் உறுதி” என்கிறார். உண்மையா?

மூன்றுசெல் எழுதியது:

உறுதிதான். 2015இல் அது வந்தபோதே பெரிய வண்டிக்கான பேச்சு மாறியது. நடுக் கியரில் ரப்பர் வைத்து அதிர்வை உறிஞ்சும் அமைப்பு இருக்கிறது. கவிழ்ந்தால் ரிமோட்டில் ஒரு பொத்தானை அமத்த, தானே புரண்டு எழும்பும். சேற்றுக்குள் போய்க் கையால் தூக்கி நிமிர்த்த வேண்டியதில்லை. வசதி இருந்தால் நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

நட்டுபோல்ட் எழுதியது:

நான் சொல்வேன். வேண்டாம்.

பாரம் ஏறக்குறைய 9 கிலோ. 8எஸ் பற்றரியில் மணிக்கு 80 கிலோமீட்டர் என்று தயாரிப்பாளரே சொல்கிறார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கையில் அந்த வேகத்தில் 9 கிலோ, பக்கத்தில் தங்கச்சியோ அயல் வீட்டுப் பிள்ளையோ நின்றால் முழங்கால் எலும்பு நிற்காது. வெள்ளவத்தையில் இரண்டு வீட்டுக்கு நடுவில் இருக்கிற காணியில் அதை முடுக்கக்கூட இடம் இல்லை. செலவும் அப்படித்தான்: ஒரு ரயர், ஒரு ஷொக், ஒரு ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு பிடிக்கும் கை) எதை எடுத்தாலும் பத்தில் ஒன்று அளவு வண்டியைவிட விலை கூட. பற்றரி இரண்டு சோடியாக வேண்டும், அதற்கேற்ற சார்ஜரும் பெரிது. வண்டி தாங்கும் அண்ணா, சுற்றி இருப்பவை தாங்காது.

இனி உறுதி என்பது எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். முன் சக்கரம் செங்கலில் அடித்தால் அடி முதலில் சக்கரத்துக்கு, பிறகு கீழ் ஆர்முக்கு, அங்கிருந்து ஆர்மைப் பிடித்திருக்கும் பின்னுக்கு, பிறகு பல்க்ஹெட்டுக்கு (ஆர்ம் பூட்டியிருக்கும் கட்டை), கடைசியில் ஷசிக்கு (வண்டியின் அடித்தட்டு) போகும். நல்ல வண்டியில் ஆர்ம் நைலோனில் இருக்கும், வளைந்து திரும்பும். கடையில் வண்டியைக் கையில் எடுத்தால் சக்கரத்தைப் பிடித்து மேலும் பின்னும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். கொஞ்சம் இளகிக் கொடுக்க வேண்டும். இரும்பு மாதிரி விறைத்து நின்றால் அது முதல் நல்ல மோதலிலேயே பிளக்கும்.

இதனால்தான் வாங்கிய உடனே பளபளவென்ற அலுமினிய ஆர்ம் போட வேண்டாம் என்கிறேன். அலுமினியம் வளைந்தால் வளைந்தபடியே நிற்கும். வளையாவிட்டால் அடியை அப்படியே பல்க்ஹெட்டுக்கு அனுப்பும். நான்கு ஸ்குரூவில் மாற்றக்கூடிய மலிவான துண்டைக் காப்பாற்றி, வண்டியைப் பாதி கழற்றினால்தான் மாற்றக்கூடிய துண்டை உடைப்போம். ஆர்பிஎம் என்ற கம்பனி செய்வது மாதிரி தடித்த நைலோன் ஆர்ம் என்றால் சரி. அலுமினியம் போட வேண்டிய இடம் ஒன்றிரண்டுதான், ஸ்டியரிங் பெல் கிராங்க் (சேர்வோவின் அசைவைச் சக்கரத்துக்குக் கடத்தும் துண்டு) மாதிரி அடி நேராக விழாத இடம்.

பெட்டி வண்டிகளில் முதலில் போவது பெரும்பாலும் சேர்வோ. பிளாஸ்ரிக் பல் உள்ள சேர்வோ, சக்கரம் கல்லில் பட்டுத் திரும்பும் அடியில் பல் உதிரும். வண்டி ஒரு பக்கமாகவே இழுத்தால், ரிமோட்டைத் திருப்பும்போது டிக் டிக் என்று சத்தம் வந்தால் அதுதான். உலோகப் பல் சேர்வோ ஒன்றை முதலிலேயே மைத்துனரிடம் சொல்லி வையுங்கள். சேர்வோத் தண்டின் பல் எண்ணிக்கை ஹோர்னோடு (தண்டில் பூட்டும் சின்னக் கை) பொருந்துமா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள், 23 பல்லும் உண்டு, 25 பல்லும் உண்டு.

கடலோரன் எழுதியது:

ஸ்பர் கியர் விஷயத்தையும் எழுதுங்கள் அண்ணா. நிறையப் பேர் மோட்டரைக் கழற்றித் திரும்பப் பூட்டும்போது கெடுப்பது அதைத்தான்.

நட்டுபோல்ட் எழுதியது:

ஓம். மோட்டரில் இருக்கும் சின்னக் கியர் பினியன், அதோடு உராயும் பெரியது ஸ்பர். இரண்டும் இறுக்கமாகப் பிடித்தால் சூடாகும், தளர்ந்திருந்தால் பல் சீவிக்கொண்டு போகும். கொப்பித் தாளில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி இரண்டு பல்லுக்கும் நடுவில் விட்டு, மோட்டரை அதன்மேல் அழுத்திப் பிடித்து ஸ்குரூவை இறுக்குங்கள். பிறகு கியரைக் கையால் சுற்றித் தாளை வெளியே எடுங்கள். தாள் மடிப்பு மடிப்பாக வர வேண்டும், கிழியக்கூடாது. ஸ்பரை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள், எங்கேயும் இறுகக்கூடாது.

உலோகத்துக்குள் போகும் ஸ்குரூவுக்கு நீல நிறத் திரெட்லொக் ஒரு சொட்டு. பிளாஸ்ரிக்குக்குள் போவதற்குப் போடக்கூடாது, அது பிளாஸ்ரிக்கைத் தின்னும். அலன் கீ நல்லதாக வாங்குங்கள், 1.5, 2, 2.5 மில்லிமீட்டர். மலிவான கீ ஸ்குரூ தலையை வட்டமாக்கிவிடும், அதற்குப் பிறகு எந்த வண்டியும் திருத்த முடியாத வண்டிதான்.

மேலே உடம்பு பொலிகார்பனேட். புதிதாக இருக்கும்போதே உள்பக்கம் மூலைகளிலும் கிளிப் ஓட்டைகளைச் சுற்றியும் சுவர் வெடிப்புக்கு ஒட்டும் வலை நாடாவை வைத்து, இளகித் தரும் சப்பாத்துப் பசையைத் தடவிக் காய விடுங்கள். சுப்பர் குளூ வேண்டாம், அது விறைத்து வெடிக்கும். கவிழ்ந்து கவிழ்ந்து ஓடும் வண்டிக்கு இதைவிட மலிவான கவசம் இல்லை.

தெஹிவளை_அம்மா எழுதியது:

ஓட்டும் விதமும் இருக்கிறதே. என் மூத்தவனுக்கு நான் சொல்லிக் கொடுத்த ஒன்று: வண்டி ஆகாயத்தில் இருக்கும்போது விரலை எடு. ஆக்ஸிலேட்டரை அமத்தியபடியே தரையில் விழுந்தால், முழு வேகத்தில் சுழலும் சக்கரம் ஒரே கணத்தில் நிற்கிறது, அந்த அடி முழுக்க டிஃபுக்கும் தண்டுக்கும் போகிறது. மூக்கு நிமிர்த்த ஒரு தட்டு, மூக்கு இறக்க பிரேக்கில் ஒரு தட்டு, அவ்வளவுதான். அவன் இதைப் பழகிய பிறகு வீட்டில் திருத்த வேலை நன்றாகக் குறைந்துவிட்டது.

ஏழாம்_ஒழுங்கை எழுதியது:

இது அருமையான விஷயம் அக்கா, பொடியனை இந்த இழையை வாசிக்க வைக்கப்போகிறேன்.

கிரானைட் 4x4 என்று முடிவு செய்துவிட்டேன். மைத்துனர் வீட்டுக்குப் பக்கத்தில் அதற்குப் பாகம் இருக்கிற கடை உண்டாம். பற்றரிதான் பயமாக இருக்கிறது. லைப்போ (லித்தியம் பொலிமர் பற்றரி) வெடிக்கும் என்கிறார்கள். விமானத்தில் கொண்டுவர விடுவார்களா?

மூன்றுசெல் எழுதியது:

ஒழுங்காகப் பாவித்தால் பயப்படத் தேவையில்லை அண்ணா, ஆனால் ஒழுங்கு கட்டாயம். ஒரு செல் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடக்கூடாது, ஈஎஸ்சியில் லைப்போ கட்-ஓஃப் (பற்றரி இறங்கினால் வலுவைக் குறைக்கும் அமைப்பு) போட்டிருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். வண்டி திடீரென்று தளர்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான், “இன்னும் ஒரு ரவுண்ட்” கிடையாது. ஓட்டாத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வையுங்கள், நல்ல சார்ஜரில் ஸ்டோரேஜ் என்றே ஒரு தெரிவு இருக்கும். 5000 எம்ஏஎச் பற்றரி என்றால் 5 அம்பியரில் பலன்ஸ் சார்ஜ், அதாவது எல்லாச் செல்லையும் சமமாக ஏற்றும் சார்ஜ். தூங்கப் போகும்போது சார்ஜ் போட வேண்டாம். ஊதியிருந்தால் எறிய வேண்டியதுதான், காசு பார்க்கக்கூடாது. வெயிலில் நிறுத்திய காருக்குள்ளும் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

கிரானைட் 3எஸ்ஸில் பற்றரி இணைப்பு ஐசி5 வகை. இசி5 உள்ள பற்றரியும் பொருந்தும். ட்ராக்ஸஸ் பற்றரி அதன் சொந்த இணைப்போடு வரும், வாங்கும்போது கவனம்.

கடலோரன் எழுதியது:

விமானத்தைப் பற்றி: தனியாகக் கொண்டுவரும் லித்தியம் பற்றரி கைப்பையில்தான் வர வேண்டும், கீழே போடும் பெட்டியில் வைக்கவே கூடாது. 100 வாட்-மணிக்குள் இருந்தால் பொதுவாகத் தனி அனுமதி தேவையில்லை. கணக்கு சுலபம், வோல்ட்டை அம்பியர்-மணியால் பெருக்குங்கள். 2எஸ் 5000 என்றால் 7.4 பெருக்கல் 5, அதாவது 37. 3எஸ் 5000 என்றால் 55.5. இரண்டும் எல்லைக்குள். எத்தனை கொண்டுவரலாம் என்பதை அவருடைய விமான நிறுவனத்திடம் கேட்கச் சொல்லுங்கள். இணைப்பு முனையை டேப்பால் மூடி, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் போட வேண்டும். வோல்ட்டும் எம்ஏஎச்சும் அச்சடித்த லேபல் அழியாமல் இருக்கட்டும், சோதனையில் அதைத்தான் பார்ப்பார்கள்.

சார்ஜரையும் அங்கேயே வாங்கலாம். லண்டனில் பாவிக்கும் சதுர முள்ளுப் பிளக்கும் 230 வோல்ட்டும் இங்கேயும் அதேதான்.

ஏழாம்_ஒழுங்கை எழுதியது:

அப்படியென்றால் 2எஸ் இரண்டு, சார்ஜர், உலோகப் பல் சேர்வோ, முன் பின் ஆர்ம் ஒரு சோடி, ஆர்ம் பின், ஸ்பர் ஒன்று என்று எழுதி அனுப்புகிறேன். 3எஸ் இப்போதைக்கு வேண்டாம். வேறு ஏதும் சேர்க்க வேண்டுமா?

நட்டுபோல்ட் எழுதியது:

டிரைவ் தண்டு ஒன்று, உடம்புக் கிளிப் ஒரு பைக்கட். கிளிப் புல்லுக்குள் விழுந்தால் திரும்பக் கிடைக்காது. பினியனும் ஒரு பல் குறைந்ததாக ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். உயர்ந்த புல்லில் மோட்டர் சூடாகும். பத்து நிமிடம் ஓட்டியதும் மோட்டரில் விரலை வைத்துப் பாருங்கள், மூன்று விநாடி வைக்க முடியாவிட்டால் சின்னப் பினியனுக்கு மாற வேண்டிய நேரம்.

வண்டி வந்ததும் ஓட்ட முன்னம் ஒரு தடவை எல்லா ஸ்குரூவையும் நீங்களும் பொடியனுமாகப் பாருங்கள். கொட்டாஞ்சேனைப் பக்கம் வந்தால் சொல்லுங்கள், டிஃப் திறந்து கிறீஸ் போடுவது எப்படி என்று காட்டித் தருகிறேன்.